சொறியாமல் இருக்க ஒரு விளையாட்டு

கோபுரத்தின் நாலாம் மாடியில் குள்ளன் மறுபடியும் விழுந்து செத்தான். ஒரு துள்ளுத் துள்ளி, தலைகீழாகத் திரும்பி, திரைக்கு அடியில் போய் மறைந்தான். மேல் மூலையில் இருந்த மூன்று இதயங்கள் இரண்டாயின. அடுத்த நொடியே படிக்கட்டின் கீழே புத்தம் புதிதாக வந்து நின்று கண்ணைச் சிமிட்டினான். செத்தவனுக்கு என்ன சௌகரியம் பார், என்று நினைத்துக்கொண்டான் லோகநாதன். முப்பத்து மூன்று வயதில், ஈரோட்டில், அம்மாவின் ஹவுசிங் போர்டு வீட்டுப் பின்னறையில், வேப்பிலை பரப்பிய வெள்ளை வேட்டியின்மேல் ஒருக்களித்துக் கிடந்தபடி நினைக்கிற நினைப்பா இது. ஆனால் வேறு எதை நினைத்தாலும் அது சுற்றி வளைத்துக் கடைசியில் கரூருக்குத்தான் போகிறது, கரூரில் மனைவி தாரிணியின் நிறைமாத வயிற்றுக்கு முன்னால் போய் நிற்கிறது, அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. அதற்குக் குள்ளனே தேவலை. கையிலிருந்த பழைய விளையாட்டுப் பெட்டியைச் சற்றுச் சாய்த்தான். சாய்க்காவிட்டால் எதுவும் தெரியாது. இப்போதைய போன் மாதிரி தானே ஒளிவிடும் திரை அல்ல. பாசி நிறத்தில் ஒரு சின்னக் கண்ணாடி, அதன்மேல் வெளிச்சத்தை விழவைத்தால்தான் உள்ளே இருப்பது கண்ணுக்கு வரும். ஜன்னலை அம்மா பழைய நூல் புடவையால் மூடிவிட்டாள். புடவைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெயில் வருகிறது. சாப்பிட்ட நேரத்தில் அது தலைமாட்டில் இருந்தது, இப்போது இடுப்புக்கு நேரே வந்துவிட்டது, அவனும் அதன் பின்னாலேயே புழு மாதிரி ஊர்ந்து வந்திருக்கிறான். மணி என்ன என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இந்த அறைக் கடிகாரத்தின் பேட்டரியும் கூடத்துக் கடிகாரத்தின் பேட்டரியும் பெட்டியின் முதுகுக்குள் இருக்கின்றன. கேட்டவுடன் இரண்டையும் கழற்றிக் கொடுத்தது அம்மாதான். அவன் வேறு ஒன்றைக் கேட்டிருந்தான், அதைக் கொடுக்கவில்லை.

உடம்பெல்லாம் முத்து. அம்மா அப்படித்தான் சொல்வாள். கொப்புளம் என்று சொல்லிவிடக் கூடாது, நோய் என்று சொல்லக் கூடாது, நோயின் பேரைச் சுத்தமாகச் சொல்லக் கூடாது. ஆத்தா வந்திருக்கா, விளையாடிட்டுப் போவா, அவ்வளவுதான். வந்த விருந்தாளியின் மனம் கோணாதபடி வீடே மூச்சடக்கிக் கிடக்கிறது. தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, அம்மா தலை வாரவில்லை, வாசல் நிலையில் வேப்பங்கொத்து தொங்குகிறது, அதைப் பார்த்துவிட்டுப் பால்காரர்கூட பாக்கெட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போகிறார். உள்ளே ஆத்தா இருக்கிறாள், அம்மா இருக்கிறாள், அவன் இருக்கிறான். மூன்று பேருக்கு இந்த வீடு காணாது. முதுகில் ஒரு முத்து இருக்கிறது, இடது தோள்பட்டைக்குக் கீழே, கை எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அது அரிக்கும்போது உலகத்தில் வேறு எதுவுமே இல்லை. கல்யாணம் இல்லை, கம்பெனி இல்லை, கடவுள் இல்லை. சொறிந்தால் வடுவாகும், சீழ் பிடிக்கும், ஆத்தாளுக்கும் ஆகாது. வேப்பங்கொத்தால் நீவிக்கொள்ளலாம், அது தீயைப் பார்த்துக் கையசைத்துக் கும்பிடுவது போலத்தான். அதனால்தான் அம்மா இந்தப் பெட்டியைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, ஈரத்துணியால் துடைத்து, அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். "இந்தா கண்ணு. கைக்கு வேலை இருந்தாச் சொறியத் தோணாது" என்றாள். அவள் சொன்னது சரிதான். இரண்டு கட்டைவிரலும் பொத்தானில் இருக்கும்வரை மற்ற எட்டு விரலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக இருக்கின்றன. ஒரே தொந்தரவு, வலது கட்டைவிரலின் நடுவிலேயே ஒரு முத்து முளைத்திருக்கிறது. தாவும் பொத்தான் அங்கேதான். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சுருக். அது வலியா சுகமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறான், பிடிபடவில்லை.

பெட்டி சின்ன மாமா மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது. அப்போது அவன் ஆறாவது. இந்தப் பேட்டையிலேயே ஒருத்தனிடமும் இல்லாத சாமான். மூன்று ஆட்டங்கள் மட்டும் தங்கியிருக்கின்றன: கோபுரம், படகு, அப்புறம் ஜப்பான் எழுத்தில் எல்லாம் எழுதியிருக்கும் ஒரு கால்பந்து. அதில் எது எது என்று எவனுக்கும் படிக்கத் தெரியாது; மேலிருந்து மூன்றாவது வரியை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும், நாலாவதை அழுத்தினால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும், இதை ஒரு தரம் பட்டுத் தெரிந்துகொண்டான். நேற்று அதைப் போட்டபோது விரல் தானாகவே மூன்றாவது வரிக்குப் போய் நின்றது. மூளைக்குத் தெரியாத ஒன்றை விரல் இருபது வருஷமாக வைத்திருந்தது எப்படி என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது. கல்யாண நாளை விரல் வைத்திருக்கிறதா, தாரிணியின் ரத்த வகையை வைத்திருக்கிறதா, அதெல்லாம் போன போன் நம்பர் மாதிரி எங்கேயோ போய்விட்டது, ஜப்பான்காரனின் மூன்றாவது வரி மட்டும் பத்திரமாக இருக்கிறது. படகு ஆட்டம் அவன் நினைப்பில் பெரிய ஆறு. கரை தெரியாது, முதலை வரும், பாறை வரும், போய்க்கொண்டே இருக்கலாம். இப்போது ஆடினால் ஆறாவது வளைவிலேயே அதே பாறை திரும்ப வருகிறது. ஆறே இல்லை அது, செக்கு. ஒரு கோடை விடுமுறை முழுக்கச் செக்கையா சுற்றிக்கொண்டிருந்தோம் என்று கொஞ்சம் சிரிப்பு வந்தது, சிரித்தபோது உதட்டோரத்து முத்து இழுத்தது. கோபுரம் மட்டும்தான் இன்னும் கோபுரமாக இருக்கிறது. ஏழு மாடி. ஏழாவதை அவன் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் ஆறாவதிலேயே சாவான், இன்றைக்கும் ஆறாவதில்தான் சாகிறான். ஏழாவது மாடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும், பெட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய்த் தாரிணியிடம் சொல்லிவிடலாம். இப்படி யாரிடமோ பேரம் பேசுகிற மாதிரி அவன் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தாரிணியிடம் சொல்ல வேண்டும். ஐந்து நாளைக்கு முன் வளைகாப்பு மேடையில் அவளைச் சுற்றிப் பெண்கள் கூட்டம், பன்னீர், வளையல் சத்தம், அவள் முகம் வியர்த்து மினுங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாம் பூசி முடித்த பிறகு அவளுடைய பெரியம்மா குரல் கொடுத்தார், மாப்பிள்ளையும் வந்து பூசட்டும், எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டார் மாப்பிள்ளை என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போய் இரண்டு உள்ளங்கையிலும் சந்தனத்தை அள்ளி அவள் கன்னம் இரண்டிலும் பூசினான், முழங்கை வரைக்கும் பூசினான், அவள் காதோரம் குனிந்து, வயிறு பெருசா நீ பெருசா என்று கேட்டான், அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். அன்று காலையிலிருந்தே அவனுக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. பந்தல்காரன், சமையல்காரன், ஐஸ்கிரீம்காரன் என்று வெயிலில் அலைந்த அலைச்சல் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டான். சாயங்காலம் அவளைக் காரில் ஏற்றிப் பிரசவத்துக்குக் கரூருக்கு, தாய் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ராத்திரியே காது மடலுக்குப் பின்னால் ஒன்று தட்டுப்பட்டது. கொசுக்கடி என்று நினைத்தான். விடிந்ததும் கொசு நெஞ்சிலும் முதுகிலும் கடித்திருந்தது. அப்போது போன் கையில்தான் இருந்தது. படித்தான். படித்திருக்கக் கூடாது. முத்து வெளியே தெரிவதற்கு முன்பே ஒட்டிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. ஒட்டிய இடத்தில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று போட்டிருந்தது. தாரிணிக்கு இன்னும் மூன்று வாரத்தில் பிரசவம். பிரசவத்தை ஒட்டித் தாய்க்குக் கண்டால் பிறக்கிற குழந்தைக்கும் வரும், அந்தப் பிஞ்சு உடம்பு தாங்காது என்று போட்டிருந்தது. சீக்கிரமாகத் தெரிந்தால் ஊசி இருக்கிறது, நாள் தாண்டினால் அந்த ஊசியால் பிரயோசனமில்லை என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் காப்பி கொண்டுவந்த அம்மா அவன் கழுத்தைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாயே மகமாயி என்றாள். அப்புறம் அவன் கையிலிருந்த போனை வாங்கி, அணைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது, மூணாந் தண்ணி ஊத்தினப்புறம் எடுத்துக்கலாம் என்றாள்.

ஒரு மனுஷன், கோயம்புத்தூரில் பதினாறு பேரை வேலை வாங்குகிற மனுஷன், எழுந்து நடந்துபோய் ஒரு மஞ்சள் துணியை அவிழ்க்க முடியாதா. முடியும். பத்தடி தூரம். முதல் நாள் காய்ச்சல் முடியவிடவில்லை. மறுநாள் எழுந்து நிலைப்படி வரை போனான். அம்மா கூடத்தில் உட்கார்ந்து வேப்பிலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை வாராததால் முடியெல்லாம் பஞ்சாகப் பறந்து, திடீரென்று கிழவியாகத் தெரிந்தாள். "போனைக் குடும்மா" என்றான். "எதுக்கு கண்ணு" என்றாள். அந்த எதுக்குவுக்கு அவனிடம் பதில் இருந்தது. நாக்கில்தான் வரவில்லை. தாரிணிக்கு வந்துவிடும், குழந்தை செத்துவிடும். இந்த இரண்டு வாக்கியத்தையும் இந்த வீட்டில், வேப்பங்கொத்துக்குக் கீழே நின்று, எப்படி வாய்விட்டுச் சொல்வது. பரீட்சையில் தவறிவிடுவேன் என்று சொன்னதற்கே வாயில் அடி வாங்கி வளர்ந்தவன். சொன்னது பலிக்கும், உத்தரத்தில் தேவதை உட்கார்ந்து ததாஸ்து சொல்லும். அதெல்லாம் சும்மா என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தவனுக்கு உடம்பெல்லாம் முத்து இருக்கிறது, சும்மா என்று சொல்லும் தைரியம் தலைக்குள் மட்டும்தான் மிச்சம். தவிரவும், அம்மாவுக்குத் தெரியாதா. மூன்று பெற்று வளர்த்தவள், எத்தனை வீட்டு அம்மை பார்த்தவள், தெரிந்துதான் அடக்கி வைக்கிறாள், ஏதோ கணக்கு இருக்கும். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டான். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும். அப்போதுதான் பரணில் ஏறி இந்தப் பெட்டியை எடுத்தாள். மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்த இரண்டு வாக்கியமும் நாக்கின்மேலேயே இருக்கின்றன, கூழ் குடித்தாலும் இளநீர் குடித்தாலும் அவற்றின் மேலேதான் இறங்குகிறது.

ஒருவேளை தாரிணிக்குச் சின்ன வயதிலேயே வந்திருந்தால். வந்தவர்களுக்கு மறுபடி வராது, அப்படியானால் ஒன்றுமே இல்லை, எழுந்து கூத்தாடலாம். அவள் இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னக் குழி இருக்கிறது, மிளகை அழுத்தி எடுத்த மாதிரி. அது அம்மைத் தழும்பாக இருக்கலாம். அதைப் பற்றி அவளே ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். பழனிக்குப் போன பஸ்ஸில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கல்யாணமான புதிதில். "இது எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். ஏதோ மாடிப்படி என்று வந்தது, யாரோ அத்தை என்று வந்தது, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாரம் போகவில்லை என்று வந்தது. இரண்டு வாரம். அப்படியானால் அம்மைதான். ஆனால் படியில் விழுந்து தையல் போட்டாலும் இரண்டு வாரம் போகமாட்டார்கள். வேப்பிலை என்று சொன்னாளா, ரத்தம் என்று சொன்னாளா. அவள் உதடு அசைவது தெரிகிறது, காற்றில் முடி பறப்பது தெரிகிறது, முன் சீட்டுக்காரரின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம்கூட தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால் அப்போது அவன் போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தான். உம் என்றான். அப்புறம் என்றான். அவள் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கேட்டியா நீ என்று கேட்டாள். கேட்டேனே என்றான். இப்போது எத்தனை தரம் அந்தப் பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் அவன் தலை குனிந்தே இருக்கிறது. பொண்டாட்டி முகத்தில் இருக்கும் ஒரு குழி எப்படி வந்தது என்று தெரியாதவன் புருஷனா. குள்ளன் ஐந்தாம் மாடிக்கு ஏறிவிட்டான். இங்கே தரை உடையும். மூன்றாவது ஓட்டில் நிற்கக் கூடாது, நாலாவதில் நிற்கலாம், ஐந்தாவதில் நின்றால் மேலேயிருந்து கல் விழும். விரல் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறது.

கூடத்தில் அம்மாவின் போன் அடித்தது. சாயங்காலமாகிவிட்டது என்று அர்த்தம். தாரிணி தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறாள். அம்மா எடுக்க எழுந்திருப்பது கேட்டது, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு அப்பாடா. "சொல்லு அம்முணி" என்றாள். பின்னறைக் கதவு பாதிதான் சாத்தியிருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. குள்ளன் ஆறாம் மாடியின் வாசலில் நின்றான். இப்போது கத்தலாம். தாரிணி என்று ஒரு சத்தம் போட்டால் போதும், இங்கிருந்தே போனுக்குள் போய்விடும். "அவன் நல்லாத்தான் இருக்கறான் சாமி. நேத்தும் சொன்னேனல்ல, அந்த டிரெய்னிங்குல போனை உள்ள உட மாட்டாங்களாம். வந்தொடனே பேசுவான். கோவிச்சுக்காத" என்றாள் அம்மா. அம்மாவுக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவனுக்கு முன்னால் தெரியாது. ஆறாம் மாடியில் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும், நடுவில் ஒரு பலகை, பலகை இடப்பக்கம் வரும்போது தாவ வேண்டும். இந்தப் பலகைக்கு அப்புறம் சத்தம் போடலாம். "சாப்புடறியா? கால் வீக்கம் வடிஞ்சுதா? உம்... உம்..." வலது கட்டைவிரல் சுருக். தாண்டிவிட்டான். இருபத்திரண்டு வருஷமாகத் தாண்டாத பலகை. இன்னும் ஒரு சக்கரம்தான். "அரிப்பா?" என்றாள் அம்மா. "எங்க சாமி? வயித்துலயா? அது முத்தின மாசத்துல எல்லாத்துக்கும் இருக்கும். தோலு விரியுதல்ல. தேங்கா எண்ணெ தடவிக்க." இல்லை, இவ்வளவு சீக்கிரம் வராது, இரண்டு வாரமாவது ஆகும், படித்தோமே, ஆனால் சரியாகப் படித்தோமா, கத்து, இப்போது கத்து என்று அவனுக்குள் ஒருவன் அலறினான். கட்டைவிரல்கள் அதைக் காதில் வாங்கவில்லை. சக்கரம் வந்தது, பலகை வந்தது, கண் திரையில் இருந்தது, வாய் திறந்துதான் இருந்தது, சத்தம்தான் இல்லை. "சரி அம்முணி, வெச்சர்றேன், பத்தரம்" என்று கேட்டது. குள்ளன் தாவி ஏழாம் மாடிக்குள் போய் விழுந்தான்.

ஏழாம் மாடியில் ஒன்றுமே இல்லை. ஒரு நாற்காலி. குள்ளன் தானாக நடந்துபோய் அதில் உட்கார்ந்தான். ஒரு கிரீடம் மேலேயிருந்து இறங்கி அவன் தலைக்குச் சற்று இடதுபக்கமாக, சரியாகப் பொருந்தாமல் நின்றது. யாரோ அவசரமாகச் செய்து முடித்துவிட்டுச் சம்பளம் வாங்கப் போய்விட்டார்கள். லோகநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பெட்டியில் ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் உண்டு, அடிப்பக்கம், நடுவில். அதை அழுத்தினால் சக்கரம் அந்தரத்தில் நிற்கும், கல் அந்தரத்தில் நிற்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம் அழுத்திவிட்டுத்தான் போயிருக்கிறான். அது அவன் நினைவுக்கே வரவில்லை. அம்மா கதவில் பூட்டுப் போடவில்லை, ஆத்தா காலில் சங்கிலி போடவில்லை. தன் பிள்ளையைவிடக் குள்ளன் முக்கியமாகப் போய்விட்டானே என்று நினைத்தான். அழக்கூட முடியவில்லை, கண்ணீர் பட்டால் கன்னத்து முத்து எரிகிறது. வெயில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. திரை வெறும் பாசியாயிற்று. அவன் முகம் அதில் தெரிந்தது, புள்ளி புள்ளியாக.

அம்மா கூழ்ச் சட்டியோடு வந்தாள். நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிட்டு, வழக்கம் போல அந்தப் பக்கமாகவே உட்கார்ந்துகொண்டாள். "குடி கண்ணு. தயிரு ஊத்திக் கரைச்சிருக்கறேன்." அவன் எழுந்து உட்கார்ந்தான். தலை சுற்றியது.

"தாரிணிக்கு எங்க அரிக்குதாம்?"

"காதுல வாங்கிட்டியா. வயித்துலதான். அது ஒண்ணுமில்ல."

"போனைக் குடும்மா."

"ஆரம்பிச்சுட்டியா. எதுக்குடா?"

"அவளுக்கும் வந்துரும்மா."

"வாயக் கழுவு."

"அன்னைக்கு நாந்தான் பூசுனேன், ரெண்டு கையாலயும். அவளுக்கு வந்துரும். பிரசவ நேரத்துல வந்தாக் கொளந்தைக்கும் வரும். பொறந்த கொளந்தைம்மா. தாங்காது. செத்துப்போயிரும்."

சொல்லிவிட்டான். ஒன்றும் இடியவில்லை. வேப்பங்கொத்து அது பாட்டுக்குத் தொங்கியது. அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து இன்னும் ஏதாவது வெளியே வரும் என்பது போல.

"ஆத்தா வந்தா குளுமைதானடா. பச்சக் கொளந்தய அவ என்ன பண்ணப் போறா" என்றாள். கேட்பது அவனையா வேறு யாரையாவதா என்று தெரியாத குரல்.

"டாக்டருங்க எழுதியிருக்கறாங்க. இப்பவே போனா ஊசி இருக்குது. நாளானா அதுவும் கேக்காது."

"எப்படா படிச்சே?"

"நீ போனை வாங்கறதுக்கு முன்னாடி."

"அப்பறம் ஏண்டா எங்கிட்டச் சொல்லலை?" அம்மாவின் குரல் உடைந்து மேலே போயிற்று. "இத்தன நாளா போனைக் குடு, போனைக் குடுன்னியே தவிர, எதுக்குன்னு ஒரு வார்த்த சொன்னியா? எதுக்கு எதுக்குன்னு நானும் எத்தன தடவ கேட்டேன். சும்மாதான்னியே. நீ அதுல வெளையாடறதுக்குன்னில்லடா நெனச்சேன். எப்பவும் அதுல வெளையாடிட்டேதான இருப்பே. அதுக்குத்தான அந்த டப்பாவத் தேடி எடுத்துக் குடுத்தேன்."

அவனுக்கு உடம்பு முழுக்க ஒரு கணம் அரிப்பே இல்லை. அம்மாவுக்குத் தெரியாது. கணக்கும் இல்லை, காரணமும் இல்லை, பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக் கூடாது, ஆத்தா வந்த வீட்டுச் சேதி வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. மிச்சம் அத்தனையும் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அவன் வாயில் அதை அடக்கிக்கொண்டு இங்கே கிடந்தான், அவள் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அம்மா என்று ஏதோ சொல்ல வந்தான். அவள் அதற்குள் இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்துவிட்டாள். மஞ்சள் பட்ட விரலில் தொட்டால் அது கேட்கவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். சத்தம் வெளியே வரும்படி வைத்து, நிலைப்படிமேல், தனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்தாள்.

"என்னங்கத்தை, இப்பத்தான பேசுனோம்" என்றாள் தாரிணி. சிரிப்பு இருந்தது குரலில். ஐந்து நாளைக்கு அப்புறம் கேட்கிறான்.

"அம்முணி, நான் சொல்றதக் கேளு. உன்ற புருசன் டிரெய்னிங்கும் போகல, ஒண்ணும் போகல. இங்கதான் கெடக்கறான். அவனுக்கு அம்மை போட்டிருக்குது." அம்மா அந்தப் பேரைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு எடுத்தாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. "நாந்தான் மறைச்சேன். உனக்கும் வரலாம்ங்கறான். வயித்துல இருக்கறதுக்கு ஆகாதாம். ஊசி இருக்குதாம், இப்பவே போனாத்தானாம். என்னை அப்பறமாத் திட்டிக்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போ சாமி, நிக்காத, போ."

லோகநாதன் வாயைத் திறந்தான். தாரிணி என்றான், அது காற்றாகத்தான் வந்தது. மறுமுனையில் ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. போன் எங்கேயோ மரத்தின்மேல் வைக்கப்படும் சத்தம். அப்புறம் தூரத்திலிருந்து, அவனிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை, "அப்பா, வண்டிய எடுங்க" என்றது அவள் குரல். அவள் அப்பா என்னம்மா என்னம்மா என்று கேட்டுக்கொண்டே வருவது, செருப்பு, வளையல்கள் மொத்தமாக ஒரு குலுங்கல், வாசல் கேட் திறக்கும் கிறீச், ஒரு தரம் உறுமி அணைந்து மறுபடி உறுமின கார். அது போய்விட்டது. போன் அணையவில்லை. கரூர் வீட்டில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அவன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான், இரண்டு பேரும் ஆளில்லாத அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பயமாக இருந்தது. "எனக்குப் பயமா இருக்குதும்மா" என்று அதையும் சொன்னான்.

"எனக்குந்தான்" என்றாள் அம்மா.